வீட்டு மரமும் இழைப்புளியும்

தேக்குக்குள் கல் இருக்கும் என்று சொன்னால், கட்டில் செய்யச் சொல்ல வருகிறவர்கள் சிரிப்பார்கள். ஆனால் இருக்கிறது. விளைந்த தேக்கின் வைரத்தில், அதாவது இறுகிப்போன நடுமரத்தில், எப்போதோ வெடிப்பு விழுந்த இடத்தில், வெள்ளையாக ஒரு பொருள் படிந்து இறுகிக் கிடக்கும். பெரும்பாலும் கால்சியம் பாஸ்பேட். வேர் மண்ணிலிருந்து உறிஞ்சியதுதான். மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் இழைப்புளி அதன்மேல் ஏறியதும் கைக்குத் தெரிந்துவிடும். சுருள் வருவது நின்று 'கரக்' என்று ஒரு சத்தம் கேட்கும், எடுத்துப் பார்த்தால் அலகு முனை உடைந்திருக்கும். இது போதாதென்று தேக்கு மரத்திலேயே சிலிகா, அதாவது மணலில் உள்ள அதே சத்து, 1.4 சதவீதம் வரை இருக்கக்கூடும். தேக்கு வேலை நடக்கிற பட்டறையில் சாணைக்கல்லுக்கு ஓய்வே கிடையாது.

இதெல்லாம் மரம் தானாகச் செய்துகொண்டது. எங்கள் காங்கேயம், தாராபுரம் பக்கம் பட்டறைக்கு வரும் மரங்களில் நான் பார்த்த விசித்திரங்களில் பாதி, ஆடு மாட்டால் வந்தவை.

ஒப்பிட்டுப் பார்க்க, முதலில் ஆனைமலைக் காட்டுத் தேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே வெட்டிய கட்டைகளை அந்தக் காலத்தில் அடிவாரத்துக்குச் சறுக்கிவிட்ட இடம் என்பதால்தான் டாப்சிலிப்புக்கு அந்தப் பேரே வந்தது. காட்டில் மரங்கள் நெருக்கமாக நின்று வெயிலுக்காக மேலே மேலே போகும். நிழலில் மாட்டிக்கொண்ட கீழ்க்கிளைகள் காய்ந்து தாமாக உதிர்ந்துவிடும். அதற்குப் பிறகு பருக்கிற அடிமரத்தில் கணு விழாது. வாய்க்கால் கரையில் தனியாக நிற்கும் தேக்குக்கு அந்தப் போட்டி இல்லை. கீழ்க்கிளைகளை அது சுலபத்தில் விடாது. ஒவ்வொரு கிளையும் பலகையில் ஒரு கணு.

கொரங்காட்டு மரத்தின், அதாவது எங்கள் பக்கத்து மேய்ச்சல் காட்டில் நிற்கும் மரத்தின், கதை வேறு. கோடையில் கொழுக்கட்டைப் புல் காய்ந்துவிட்டால் வேம்பிலும் வாகையிலும் ஏறி, கிளை கழித்து ஆட்டுக்குப் போடுவார்கள். அடுத்த கோடையிலும் அதே மரம்தான். இப்படி வளர்ந்த வேம்பு ஒன்றை டைனிங் டேபிளுக்காக அறுத்தபோது, பலகைக்குள் அரிவாள் வெட்டு அப்படியே இருந்தது. சாய்வாக, சாம்பல் நிறத்தில், விரல் நீளத்துக்கு ஒரு வெட்டுமுகம். அதன் இரண்டு ஓரத்திலிருந்தும் புது மரம் உருண்டு வந்து நடுவில் மூடியிருந்தது. மூடிய இடத்தில் பட்டையும் கொஞ்சம் உள்ளே சிக்கியிருந்தது. மரம் வெட்டுக்காயத்தை ஆற்றுவதில்லை, மேலே புதிதாக வளர்ந்து மூடிவிடுகிறது என்று படித்திருந்தேன். இவ்வளவு தெளிவாக அன்றுதான் பார்த்தேன்.

கணுவைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பச்சைக் கிளையின் கணு பலகையோடு ஒன்றாகப் பிடித்திருக்கும். கிளை பட்டுப்போன பிறகு மரம் சுற்றி வளர்ந்திருந்தால்தான் சிக்கல். பலகை காய்ந்ததும் அந்தக் கணு கழன்று கையில் வந்துவிடும். மேசைப் பலகையில் இரண்டுமே இருக்கலாம், பட்டகணுவைப் பசை விட்டு உட்கார வைத்தால் போதும். துளையும் அதற்குள் நுழையும் முனையான கழுந்தும் சேருகிற மூட்டில் மட்டும் எந்தக் கணுவும் வரக்கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மூலனூர் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வாகைக் கட்டை கொண்டுவந்தார். கட்டுத்தரையில் நின்ற மரம், கட்டிலாக வேண்டும் என்றார். மில்லில் அறுத்துவந்த பலகையில் நீலக்கறுப்பாக ஒரு கறை நீளமாக ஓடியது. இரும்பும் மரத்தின் துவர்ப்புச் சத்தும் சேர்ந்தால் வரும் நிறம் அது. கறை கருத்துக்கொண்டே போன பக்கம் உளியால் மெதுவாகத் திறந்தேன். கன்றுக்குட்டி கட்டும் வளையம் ஒன்று, முழுசாக உள்ளே இருந்தது. மரம் நுனியில்தான் உயரும், அடியில் பருமன்தான் கூடும். அதனால் அடித்த உயரத்திலேயே வளையம் நின்றுவிட்டது, வைரம் அதை விழுங்கிவிட்டது.

"எங்கப்பாரு அடிச்ச வளையமாட்ட இருக்குதுங்க தம்பி," என்று வாங்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். அவர் கவனமெல்லாம் வேறு பலகைமேல். கவையில் அறுத்த பலகை அது. இரண்டு கிளை பிரியும் இடத்தில் நார்கள் ஒன்றை ஒன்று நெருக்குவதால் ரேகை விசிறியாக விரிந்து, நடுவில் சுழன்றிருந்தது. தலைமாட்டுக்கு என்று நான் ஆசையாக எடுத்துவைத்திருந்தேன். அவரோ சந்தையில் காளைக்குச் சுழி பார்ப்பதுபோல ஒவ்வொரு சுழிப்பாக விரல் வைத்துத் தடவினார்.

"தலமாட்டுல இது வேண்டாமுங்க. கால்மாட்டுப் பக்கம் போட்டுருங்க."

"ஏனுங்கய்யா, இதுதானுங்க இருக்கறதுலயே அழகான பலகை."

"அழகு செரிங்க தம்பி. சுழி எறங்கு மொகமா இருக்குது பாருங்க."

எனக்குச் சுழி சாஸ்திரத்தில் நம்பிக்கை இல்லை. அந்தப் பலகை கால்மாட்டுக்குப் போனதில் இன்றும் வருத்தம்தான். ஆனால் ஒரு பலகையை அவ்வளவு நேரம், அவ்வளவு கிட்டத்தில் பார்த்த வாடிக்கையாளர் வேறு யாரும் எனக்கு வாய்க்கவில்லை. கோவையில் அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் பலர் கணுவைப் பார்த்ததும் 'டேமேஜ்' என்கிறார்கள், புட்டி வைத்து மூடச் சொல்கிறார்கள். நல்ல கணுவைப் புட்டி போட்டு மறைப்பது எனக்குப் பிடிக்காத வேலை. கேட்டால் செய்துகொடுப்பேன், கூலி கூடுதல்.

வேம்பில் இன்னொரு தொல்லையும் உண்டு. நார் சில வருஷம் இடப்பக்கமாக முறுக்கி வளரும், பிறகு வலப்பக்கமாகத் திரும்பும். இழைக்கும்போது ஒரு பட்டை வழவழவென்று வரும், அடுத்த பட்டை பிய்ந்துகொண்டு வரும். எந்தப் பக்கமிருந்து இழைத்தாலும் இதே கதைதான். கடைசியில் உப்புத்தாள்தான் கதி. பாலிஷ் ஏறிய பிறகு அதே பட்டைகள் வெளிச்சத்தில் மாறி மாறி மினுங்கும்.

இப்போது சொந்த மரம் என்று யாராவது வந்தால், வெட்டுவதற்கு முன்பே போய்ப் பார்த்துவிடுகிறேன். மாடு எந்தப் பக்கம் கட்டினீர்கள், வேலிக்கம்பி எங்கே ஓடியது, துணிக்கொடி எதில் கட்டியிருந்தது என்று கேட்பேன். கையில் பிடிக்கிற சின்ன மெட்டல் டிடெக்டர் மேலாக இருக்கும் ஆணியைத்தான் காட்டும், ஆழத்தில் புதைந்ததைக் காட்டாது. ரம்ப மில்காரருக்கும் இது தெரியும். வீட்டு மரம் என்று சொன்னாலே, பிளேடு போனால் யார் காசு என்று பேசி முடித்துவிட்டுத்தான் கட்டையை ஏற்றுவார்.