ஆறில்லாத தீவில் சீனிக்கிழங்கு: ராப்பா நுய்யின் கல் விளைகள்

ராப்பா நுய், அதாவது ஈஸ்டர் தீவு என்றதும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் கற்சிலைகள்தான் நினைவுக்கு வரும். அந்தச் சிலைகளைச் செதுக்கியவர்களுக்குச் சோறு போட்ட விளைகளை, அதாவது தோட்ட நிலங்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றுக்கு ஏத்தன் வாழையை ஊன்றுகால் கொடுத்துக் காப்பாற்றும் குமரி மாவட்டத்துக்காரர்களான நமக்கு அந்த விளைகள் சட்டென்று புரியும்.

சிலி நாட்டுக் கரையிலிருந்து சுமார் 3,500 கிலோமீட்டர் மேற்கே, நடுக்கடலில் கிடக்கிறது தீவு. பரப்பு சுமார் 164 சதுர கிலோமீட்டர். போய்க்கே, ரானோ காவு, தெரெவாகா என்று மூன்று எரிமலைகள் கக்கிய குழம்பு ஒன்றோடொன்று சேர்ந்து உறைந்ததால் முக்கோண வடிவம். உயரமானது தெரெவாகா, 507 மீட்டர். ஆண்டுக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. ஆனால் வற்றாத ஓடை ஒன்றுகூடக் கிடையாது. எரிமலைப் பாறை முழுக்கத் துளையும் வெடிப்பும் குகையுமாக இருப்பதால் பெய்த தண்ணீர் நேரே கீழே இறங்கிவிடுகிறது. வண்டல் படிந்து அடைத்த மூன்று எரிமலை வாய்களில் மட்டும் குளம் தேங்கியது. அதிலும் சிலைக்குக் கல் வெட்டிய ரானோ ராராக்குவின் குளம் அண்மை வறட்சியில் வற்றியது.

கீழே இறங்கிய தண்ணீர் என்ன ஆகிறது? கடல்நீரைவிட எடை குறைவு என்பதால் அதன் மேல் மிதந்தபடி கரையை நோக்கி நகர்கிறது. கடல் வற்றும் நேரத்தில் கரைப் பாறை இடுக்குகளில் அது கசிவதைப் பார்க்கலாம். கொஞ்சம் உவர்ப்பாக இருக்கும், ஆனாலும் குடிக்கலாம். அந்த மக்கள் அங்கே குழி தோண்டி நீர் எடுத்தார்கள். சிலை மேடைகள் பலவும் இந்தக் கசிவுகளுக்குப் பக்கத்திலேயே இருப்பதை 2019-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இத்தகைய நிலத்தடி நீரில் ஒரு கணக்கு உண்டு: கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீட்டர் நன்னீர் இருக்கும். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால் அடியிலிருந்து உப்பு அத்தனை தூரம் ஏறி வரும். நம் கடலோரக் கிணறுகள் உவர்ப்பதும் இதே கதைதான்.

இனி விளைக்கு வருவோம். மழையில் சத்து கரைந்துபோன மண், உப்புச் சாரலோடு அடிக்கும் காற்று, பாசனத்துக்கு வழியில்லை. அவர்கள் கல்லைக் கையில் எடுத்தார்கள். கைப்பிடி அளவு எரிமலைக் கல்லை உடைத்து மேல்மண்ணில் கலந்தும் பரப்பியும் விட்டார்கள். வேறு சில இடங்களில் பெரிய பாறைகளை அடுக்கி, நடுவே குழி விட்டு நட்டார்கள். கல் மூடிய மண்ணில் ஈரம் சீக்கிரம் காயாது. பகல் சூடும் இரவுக் குளிரும் வேருக்குத் தணிந்தே போகும். தரையோடு வரும் காற்று உடைபடும். புதிதாக உடைத்த முகத்திலிருந்து தாதுச்சத்து மெல்ல மண்ணுக்கு இறங்கும். இந்த நான்காவது பயனைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். உரமில்லாத தீவில் கல்லே உரம். கல் மூடாக்கில் தவறு நடக்கும் இடங்களும் உண்டு. மிகக் கனமாகப் பரப்பினால் சிறு தூறல் கல்லை நனைப்பதோடு ஆவியாகிவிடும். இடுக்குகளில் தூசியும் வண்டலும் அடைத்துக்கொண்டால் ஈரம் காக்கும் குணம் குறையும். மண்வெட்டி போடவும் முடியாது. அவர்கள் கூர்க்கம்பால் குத்தித்தான் நட்டார்கள்.

முக்கியப் பயிர் சீனிக்கிழங்கு. கூடவே காச்சில், சேம்பு, கரும்பு, வாழை. உயரமாக வளரும் வாழைக்கு மூடாக்கு போதாது என்பதால் மனவாய் என்ற வட்டக் கல்சுவர் கட்டி, அதற்குள் நட்டார்கள். இலை கிழியாது, உள்ளே ஈரமும் நிற்கும்.

இப்படிப்பட்ட விளை எவ்வளவு இருந்தது என்பதில்தான் தீவின் வரலாறே தடம் மாறியது. பழைய கணிப்புகள் 4 முதல் 21 சதுர கிலோமீட்டர் வரை போயின. செயற்கைக்கோள் படங்களை வைத்து 2024-இல் செய்த ஆய்வு 0.76 சதுர கிலோமீட்டர்தான் என்றது. மற்ற உணவையும் சேர்த்தாலே சுமார் 3,000 பேருக்குத்தான் அது போதும். சிலைக்காக மரத்தையெல்லாம் வெட்டி, பெருங்கூட்டம் பட்டினியில் அழிந்தது என்ற கதை அங்கே ஆட்டம் காண்கிறது. பனைக்காடு அழிந்தது உண்மை; வெட்டியதும் எரித்ததும் போக, கொட்டைகளை எலிகளும் தின்றன. ஆனால் 1722-இல் டச்சுக்காரர் ரொகவேன் வந்தபோது அங்கே விளைச்சல் இருந்தது, மக்களும் இருந்தார்கள். பழைய எலும்புகளின் மரபணுவைப் பார்த்த 2024-ஆம் ஆண்டின் இன்னோர் ஆய்விலும் பதினேழாம் நூற்றாண்டுப் பேரழிவுக்குத் தடயம் இல்லை.

பேரழிவு வந்தது 1862-இல். பெருவிலிருந்து வந்த அடிமைக் கப்பல்கள் ஏறக்குறைய 1,500 பேரைப் பிடித்துப் போயின. மிகச் சிலரே திரும்பினார்கள், அவர்களோடு பெரியம்மையும் வந்தது. 1877-இல் தீவில் எஞ்சியவர்கள் 111 பேர். 1888-இல் சிலி தீவை எடுத்துக்கொண்ட பிறகு நிலத்தின் பெரும்பகுதி செம்மறிப் பண்ணையானது. தீவுக்காரர்களை ஹங்கா ரோவா என்ற ஒரே ஊருக்குள் அடைத்து வைத்தார்கள். வேலிச் சுவர் எழுப்ப அவர்களுடைய பழைய கட்டுமானங்களின் கல்லையே பெயர்த்தார்கள். பண்ணைக் குத்தகை 1953-இல் முடிந்தது. முழுக் குடியுரிமை 1966-இல்தான் கிடைத்தது.