மூன்று என்று எழுதினேன்

“அம்புட்டுதானா அண்ணாச்சி?”

எங்கள் கல்லூரி மருத்துவர் ஒருவர் கேட்டது அவ்வளவுதான். ஆசிரியர்களின் ஆய்வுக் கணக்கு என்று நான் அனுப்பிய தாளில் தன் பெயருக்கு நேரே இருந்த கட்டங்களை விரலால் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு என் மேசையிலேயே திரும்ப வைத்தார். கட்டுரைகள் 5, சைட்டேஷன் (மற்றவர்கள் அவற்றை மேற்கோள் காட்டிய தடவை) 23, இரண்டையும் சேர்த்து அளக்கும் ஹெச் இன்டெக்ஸ் 3. “ஸ்கோபஸ்ல அப்படித்தான் சார் காட்டுது” என்றேன். கட்டுரைகளையும் சைட்டேஷனையும் எண்ணிவைக்கும் அந்தத் தரவுத்தளம் அப்படித்தான் காட்டியது. ஆனால் அவருடைய கட்டுரைகள் ஐந்து இல்லை, பன்னிரண்டு என்பது அந்தத் தாளை அனுப்பும்போதே எனக்குத் தெரியும். மருத்துவக் கல்லூரி நூலகத்தில் இருபத்தாறு வருடம் இருந்துவிட்டேன். தேடிக் கொடுத்து நன்றியும் வாங்கியிருக்கிறேன், கிடைக்கவில்லை என்று திட்டும் வாங்கியிருக்கிறேன். எதுவும் தங்கியதில்லை. இந்த ஒரு கேள்வி மட்டும் இரண்டு வருடமாகக் கூடவே வருகிறது. வண்ணார்பேட்டையில் பஸ்ஸுக்கு நிற்கும்போதுகூட வேறு என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்க்கிறேன்.

பன்னிரண்டு எப்படி ஐந்தானது என்பதை நம் ஆட்களுக்கு விளக்கவே வேண்டாம். அவர் பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து: ஊருக்கு ஒன்று, அப்பாவுக்கு ஒன்று. ஆய்விதழ்களின் படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கும், அதை நிரப்பாமல் மேலே போக முடியாது. நமக்கு ஏது கடைசிப் பெயர்? படிக்கிற காலத்தில் அப்பா பெயரை அதில் போட்டிருக்கிறார். அப்புறம் தன் பெயரையே போட்டிருக்கிறார். கூட எழுதியவர் அனுப்பிய சில கட்டுரைகளில் ஊர்ப் பெயர் போய் அங்கே உட்கார்ந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு அவர் மூன்று ஆள், ஸ்கோபஸில் ஆளுக்கு ஒரு பக்கம். எங்கள் கல்லூரி முகவரி இருந்த பக்கத்தில் ஐந்து கட்டுரை. அப்பா பெயரில் நான்கு. அதிகம் பேர் மேற்கோள் காட்டிய கட்டுரை அதில்தான் கிடந்தது. ஊர்ப் பெயரில் மூன்று.

மூன்றையும் ஒன்றாக வைத்து அன்றைக்கே கணக்குப் போட்டேன். ஹெச் இன்டெக்ஸ் கணக்கு கடினமில்லை. கட்டுரைகளைச் சைட்டேஷன் கூடியதிலிருந்து குறைந்ததுவரை வரிசையாக எழுத வேண்டும்: 21, 14, 9, 6, 5, 5, 5, 3 என்று போனது. வரிசை எண்ணுக்குக் குறையாமல் சைட்டேஷன் இருக்கிற கடைசி இடம்தான் அந்த எண். ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து இருக்கிறது. ஆறாவதற்கு ஆறு இல்லை. ஆக, 5. மொத்தச் சைட்டேஷன் 72. புத்தகம் கொடுக்கிற சீட்டின் பின்பக்கம் பென்சிலால் எழுதிய அந்தக் கணக்கு இன்னும் என் டிராயரில் இருக்கிறது. கூகுள் ஸ்காலரையும் பார்த்தேன். அதில் 9 என்று வந்தது. ஆனால் அதே பெயரில் இருக்கும் வேறொரு இதய மருத்துவரின் கட்டுரைகளையும் அது இவர் தலையில் சேர்த்திருந்தது. அந்த எண்ணைக் கொடுத்திருக்க முடியாது. இதில் மட்டும் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

நிர்வாகம் கேட்டது ஆசிரியர்கள் நாற்பத்து மூன்று பேருக்கும் ஸ்கோபஸ் எண். கல்லூரிக்குள் ஒரே ஒருவருக்கு ஆய்வுப் பணம் ஒதுக்கியிருந்தார்கள், யாருக்கு என்று முடிவு செய்யத்தான் இந்தத் தாள். மறுநாள் ஆனித் தேரோட்டம், உள்ளூர் விடுமுறை. ஆகவே சாயங்காலம் நான்கு மணிக்குள் வேண்டும் என்றார்கள். அவர் அன்று கடையம் பக்கம் முகாமுக்குப் போயிருந்தார். என் செல்போனில் அவர் நம்பர் இருந்தது. நான் போன் செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்பதற்கு என்னிடம் பல பதில்கள் உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு நாள் சரியாகத் தோன்றுகிறது. தனிப் பக்கங்களை ஒன்றாக்க ஸ்கோபஸுக்கு விண்ணப்பம் அனுப்பினால் அன்றைக்கே நடக்காது, எங்கள் அனுபவத்தில் சில வாரம் ஆகும். அவரை அழைத்திருந்தாலும் திரையில் அந்தச் சாயங்காலம் 3தான் இருந்திருக்கும். இது ஒன்று. ஒருவருக்குக் கையால் கூட்டிப் போட்டால் மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் அப்படிப் போட வேண்டும், அதற்கு நேரமில்லை. இது இரண்டு. மூன்றாவது, ஆர்சிட் எண் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவரிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கிடைக்கும் பதினாறு இலக்க எண், இலவசம், பத்து நிமிட வேலை. 2012-ல் அதைத் தொடங்கியதே இந்தப் பெயர்க் குழப்பத்துக்காகத்தான். “ஆகட்டும் அண்ணாச்சி, பொறவு பாப்போம்” என்பார். அவர் செய்துகொள்ளாததற்கு நான் என்ன செய்ய?

ஆனால் தாளின் ஓரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். ‘இவருக்கு வேறு இரண்டு பக்கங்கள் உண்டு, சேர்த்தால் 12, 72, 5’ என்று. அதற்கு ஒரு நிமிடம் போதும். அதை ஏன் செய்யவில்லை என்பதற்கு என்னிடம் ஒரு பதிலும் இல்லை.

இதில் இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பணம் அவருக்குத்தான் கிடைத்தது. இளம் பெண் மருத்துவர், கெட்டிக்காரர். தாள் கேட்பதற்கு ஒரு மாதம் முன்பே நூலகத்துக்கு வந்து, “சார், என் பேரு ரெண்டா இருக்கு, சரி பண்ணித் தாங்க” என்று பக்கத்தில் உட்கார்ந்து செய்துகொண்டு போனார். நானும் சந்தோஷமாகச் செய்து கொடுத்தேன். வந்து கேட்டவருக்குச் செய்தேன், வராதவருக்குச் செய்யவில்லை. இது பாரபட்சமா? நூலகத்தில் எல்லாமே அப்படித்தானே நடக்கிறது என்று ஒரு மனம் சொல்கிறது. அந்த மேடம் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மேடத்தின் ஹெச் இன்டெக்ஸும் 3. சைட்டேஷன் மட்டும் 1,800-க்கு மேல். பல நாடுகள் சேர்ந்து எழுதிய ஒரே ஒரு கட்டுரை அத்தனையையும் கொண்டுவந்திருந்தது. உலக நோய்ச்சுமை ஆய்வு போன்றவற்றில் எழுதியவர்கள் பட்டியல் நூற்றுக்கணக்கில் போகும். அதில் எந்த இடத்தில் பெயர் இருந்தாலும் முழு சைட்டேஷனும் ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறும். பதவி உயர்வுக்கான மருத்துவக் கவுன்சில் விதியாவது கட்டுரையை எழுதியவர்களில் முதல் மூன்று பேரில் ஒருவரா, கட்டுரைக்குப் பொறுப்பானவரா என்று கேட்டது. எங்கள் தாளில் அதற்குக் கட்டமே இல்லை. குழு முதலில் ஹெச் இன்டெக்ஸைப் பார்த்ததாம். இரண்டு பேர் 3-ல் நின்றதால் சைட்டேஷனைப் பார்த்து முடித்துவிட்டார்களாம். உள்ளே இருந்த ஒருவர் அப்புறம் சொன்னது இது. 5 என்று போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? “அப்பவும் ஆயிரத்து எண்ணூறைப் பார்த்துத்தான் கொடுத்திருப்பாங்க” என்றும் அவரே சொன்னார். என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா, தெரியவில்லை.

ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005-ல் இந்த எண்ணை முன்வைத்தபோதே, ஒருவருடைய பலவிதமான வேலையை ஒற்றை எண் தோராயமாகத்தான் காட்டும் என்று அந்தக் கட்டுரையிலேயே எழுதியிருக்கிறார். முதுநிலை மாணவர்களுக்கு வருடா வருடம் வகுப்பெடுக்கும்போது நான் இதைச் சொல்வேன். ஓர் இதழின் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை சைட்டேஷன் என்று சொல்லும் இம்பாக்ட் ஃபேக்டரை வைத்து ஆளை எடைபோடாதீர்கள் என்று 2012-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிப் பேசி, 2013-ல் வெளியிட்ட பிரகடனத்தை அச்செடுத்து நூலகச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். அந்தச் சுவருக்கு அடியில் உட்கார்ந்துதான் 3 என்று டைப் செய்தேன்.

சைட்டேஷன் எண்ணுகிற வேலையே எங்கள் தொழிலிலிருந்து வந்ததுதான், அதனால் கொஞ்சம் உரிமையோடு வருத்தப்படுகிறேன். நூலகவியல் படித்த யூஜின் கார்ஃபீல்டு 1955-ல் இந்த யோசனையை எழுதி, 1964-ல் அட்டவணையாகக் கொண்டுவந்தபோது நோக்கம் தேடுவது: ஒரு கட்டுரையைப் பிடித்தால், அதை அப்புறம் யார் யார் எடுத்துப் பேசினார்கள் என்று நூல் பிடித்துக்கொண்டே போகலாம். இம்பாக்ட் ஃபேக்டரும் எங்களைப் போன்றவர்கள் எந்த இதழுக்குச் சந்தா கட்டலாம் என்று பார்க்க உதவியதுதான். ஆளை அளக்கிற கோலாக அது எப்போது மாறியது என்று யோசித்தால், என் போன்றவர்கள் தாள் அனுப்பி அனுப்பித்தான் மாறியது என்று படுகிறது.

தாளைத் திரும்ப வைத்தவரின் கட்டுரைகள் பெரும்பாலும் உண்ணிக் காய்ச்சல் பற்றியவை. மலையடிவாரத்தில் காட்டுக்கும் வயலுக்கும் போய் வருகிறவர்களுக்கு வரும் காய்ச்சல். பரப்புவது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத பூச்சியின் இளம் பருவம். கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டது போலக் கறுப்பாகப் பொருக்குக் கட்டும். அக்குளிலோ தொடை இடுக்கிலோ இருக்கும், நோயாளியே பார்த்திருக்க மாட்டார். கண்டுபிடித்துவிட்டால் டாக்ஸிசைக்ளின் போதும், விலை குறைந்த மாத்திரை. விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் என்று இழுத்துக்கொண்டு போகும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களைப் பார்க்கும்போதெல்லாம், “சட்டையைக் கழத்திப் பாருங்கய்யா, வெறும் நாடியைப் பிடிச்சு அனுப்பாதீங்க” என்று அவர் சொல்லுவதைக் கேட்டிருக்கிறேன். தன் கட்டுரையை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பார். ஜெராக்ஸ் எடுத்தது நான்தான், அதனால் தெரியும். அதைப் படித்து ஒரு நோயாளியின் சட்டையைக் கழற்றிப் பார்த்த மருத்துவர் திரும்பக் கட்டுரை எழுதப் போவதில்லை. எழுதாதவர் மேற்கோள் காட்டப் போவதில்லை. எந்தத் தாளிலும் அது ஒரு எண்ணாக ஏறாது. நான் 5 என்று போட்டிருந்தாலும் ஏறியிருக்காது.

இப்படி நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது, உடனே அந்த ஆறுதல்மேல் சந்தேகமும் வருகிறது. எண்ணே அர்த்தமில்லாதது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்கிறேனோ? அவர் அந்தப் பணத்தில், ரத்தத்தைப் பார்த்து இந்தக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கும் எலிசா கிட் வாங்க நினைத்திருந்தார். பழைய வைல்-ஃபெலிக்ஸ் ரத்தப் பரிசோதனை பல நோயாளிகளைத் தவறவிட்டுவிடும் என்று வருத்தப்படுவார். ஒரு கிட்டுக்கு மாதிரி ஊற்ற 96 குழி, சரிபார்ப்புக்கான மாதிரிகளைக் கழித்து இத்தனை பேருக்குப் பார்க்கலாம் என்று என் மேசையில் வைத்தே கணக்குப் போட்டிருக்கிறார். அந்தக் குழிகளுக்கு அர்த்தம் இருந்தது அல்லவா?

தாளைத் திரும்ப வைத்துவிட்டு அவர் போன மறுநாளே மூன்று பக்கங்களையும் ஒன்றாக்க விண்ணப்பம் அனுப்பினேன். மூன்று வாரத்தில் சேர்ந்துவிட்டது. போய்ச் சொன்னேன். “சரி அண்ணாச்சி, ரொம்ப சந்தோஷம்” என்றார். ஓரத்தில் ஒரு வரி எழுதாமல் விட்டதை நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. இப்போதும் கட்டுரை தேடி வருகிறார், அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுகிறார்.

இந்த வருடத் தாள் போன வாரம் கேட்டார்கள். கடைசியில் ‘பெயர் சரிபார்த்தது’ என்று ஒரு பத்தி சேர்த்து அனுப்பினேன். அலுவலகத்திலிருந்து போன் வந்தது: “அண்ணாச்சி, அந்தக் கடைசிப் பத்தி எதுக்கு? நம்பர் மட்டும் போதும், எடுத்துட்டு அனுப்புங்க.” எடுத்துவிட்டு அனுப்பினேன். அனுப்புவதற்கு முன்னால் நாற்பத்து மூன்று பேருக்கும் போன் செய்தேன். ஏழு பேர் எடுக்கவில்லை. அந்த ஏழு பேருக்கும் திரையில் இருந்ததைத்தான் போட்டிருக்கிறேன்.