பெரியப்பாவின் 1987-ஆம் வருடக் காகிதம்

ஒன்பதாம் வகுப்புக்கு உதவித்தொகைப் பட்டியல் தயாரிக்கும்போதுதான் கவனித்தேன். என் வகுப்பில் இருளர் பழங்குடிப் பிள்ளைகள் நான்கு பேர். ஒருவரிடமும் சாதிச் சான்றிதழ் இல்லை. அப்பா அம்மா செங்கல் சூளைக்கும் சவுக்கு வெட்டுக்கும் போகிறவர்கள். பள்ளி வாசலை மிதிக்காதவர்கள். விழுப்புரம் பக்கம் வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு இதெல்லாம் தெரிந்த கதைதான்.

இ-சேவை மையத்தில் ஆளுக்கு 60 ரூபாய் கட்டிப் பதிந்தோம். நான்கும் தள்ளுபடி. காரணம்: ‘பெற்றோர் சாதிச் சான்று இணைக்கப்படவில்லை.’ அது இருந்தால் நான் ஏன் அலையப் போகிறேன்?

பழங்குடிச் சான்றிதழை மட்டும் தாசில்தார் தர முடியாது, வருவாய்க் கோட்டாட்சியரான ஆர்டிஓதான் தர வேண்டும். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று அறிக்கை படியேற வேண்டும். மூன்று முறை தனியாகப் போனேன். “அடுத்த வாரம் வாங்க டீச்சர்.” இருளர் சங்கத்துப் பெரியவர் ஒருவர்தான் சொன்னார்: “ஒத்தையா போனா தர்மம் கேக்குற மாதிரி ஆயிடும்மா. ஊரா போங்க.”

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் 17 பிள்ளைகளைச் சீருடையோடு கலெக்டர் ஆபீஸ் வரிசையில் நிறுத்தினோம். பள்ளி நாளில் கூட்டிப் போனதற்கு எனக்கு மெமோ வரும் என்று பயந்தேன், வரவில்லை. மனுவுக்கு எண் கிடைத்தது. அடுத்த மாதமே ஆர்டிஓ ஊருக்கு வந்தார்.

வேப்பமரத்தடியில் விசாரணை. முதல் கேள்வி ஒரு மாணவியின் ஆயாவுக்கு: “பாம்பு பிடிக்கத் தெரியுமா?”

“எங்க மாமியா பிடிப்பாங்க. நான் நாத்து நடுறேன், சார்.”

எழுதிக்கொண்டிருந்த உதவியாளரின் பேனா நின்றுவிட்டது. பாம்பு பிடிக்கும் இருளர் இருவருக்கு 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, எல்லோருக்கும் பெருமைதான். அதற்காக ஆயா நாற்று நட்டால் சாதி மாறிவிடுமா? நான் வாயைத் திறக்குமுன் ஆயாவே கன்னிமார் சாமியைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் குடும்பத்தோடு தங்குவது, மணலில் சாமி வைப்பது, அங்கேயே கல்யாணம் பேசி முடிப்பது. பேனா மறுபடி ஓடியது.

சார்ட் பேப்பரில் நாங்கள் வரைந்திருந்த வம்சாவளியை விரித்தோம். அதில் அந்த மாணவியின் பெரியப்பா ஹாஸ்டலில் படித்தவர். அவருடைய 1987-ஆம் வருடச் சான்றிதழ் தகரப்பெட்டிக்குள், மடிப்புகளில் கிழிந்து, மஞ்சள் கறையோடு கிடைத்திருந்தது. “இது தாசில்தார் கொடுத்தது, செல்லாது” என்றார் உதவியாளர். ஆர்டிஓவுக்கு மாறியதே 1989 நவம்பரில்தான், அதற்கு முன் தாசில்தார் கொடுத்தது செல்லும் என்று சங்கத்துப் பெரியவர் அரசாணை நகலை நீட்டினார். ஆர்டிஓ அதை இரண்டு முறை படித்துவிட்டு, காகிதத்தைக் கிழியாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

பங்காளி வீட்டுப் பிள்ளைகள் 11 பேருக்குச் சான்றிதழ் வந்துவிட்டது. என் வகுப்பில் மூன்று பேர் அதில் உண்டு. அந்த மாணவி கூடுதலாக ஒரு பிரதி எடுத்துப் பெரியப்பாவின் தகரப்பெட்டியில் வைத்திருக்கிறாள்.

நான்காவது பையனின் வம்சாவளி தாத்தாவோடு நிற்கிறது. மழைக்குச் சூளை மூடியதும் அவன் வீட்டார் ஊருக்கு வருவார்கள். சார்ட் பேப்பர் என் மேஜையில்தான் இருக்கிறது.