பாலாற்று மணலில் பெண்டுலம் ஆட்டுவது எப்படி

காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி வேலூர் பஸ் பிடித்தால் வழியில் பாலாற்றுப் பாலம். பெயருக்குத்தான் ஆறு, வருஷத்தில் பாதிக்கு மேல் மணல். நூலில் குண்டைத் தொங்கவிட்டு நிலத்தடி நீரோட்டம் பார்ப்பதைச் செய்து காட்ட இதைவிடத் தோதான இடம் இல்லை. வேடிக்கை பார்க்க நிற்பவர்களில் பாதிப் பேர் போர் போட்டுக் காசு விட்டவர்களாக இருப்பார்கள்.

காலையிலேயே வேலையை முடித்துவிட வேண்டும். காற்று கிளம்பிவிட்டால் குண்டு தன்பாட்டுக்கு ஆடும்.

கொத்தனாரின் தூக்குக்குண்டு கனம் அதிகம், கை சோர்ந்துவிடும். 30 கிராம் பித்தளை நட்டு போதும். தையல் நூலில் கட்டாதீர்கள். முறுக்கு பிரியும்போது நட்டு தானே சுழலும், கூட்டம் 'ஊத்து இருக்குது' என்று முடிவு கட்டிவிடும். தங்கூஸ் நரம்பு 25 செ.மீ. வையுங்கள். அந்த நீளத்தில் ஒருமுறை போய்த் திரும்ப ஒரு விநாடி ஆகும், கண்ணுக்கு நிதானமாகத் தெரியும். 10 செ.மீ. என்றால் படபடக்கும்.

நீங்கள் ஆட்டிக் காட்ட வேண்டாம், கூட்டத்தில் ஒருவரிடம் கொடுங்கள். முழங்கை எதிலும் படாமல் நிற்கட்டும். மணலில் ஒரு கோடு கிழித்து, கையை அசைக்காமல் கோட்டையே பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் குண்டு கோட்டோடு ஆடத் தொடங்கும். குறுக்கே இன்னொரு கோடு போட்டால் ஆட்டமும் திரும்பும். இப்போது கண்ணைக் கட்டுங்கள். ஆட்டம் மெல்ல அடங்கிப்போகும். ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1833இல் எழுதியது இதைத்தான். விரல் தெரியாமல் துளித்துளியாகத் தள்ளுகிறது. தாளத்தோடு சேரும்போது ஆட்டம் பெருகிவிடுகிறது. ஏமாற்று இல்லை, பிடித்திருப்பவருக்கே தெரியாது.

உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்த்த ஒருவர், 'எங்க கொல்லையில தேங்கா எழுந்து நின்னுச்சிங்க, தண்ணியும் வந்துச்சி' என்று கட்டாயம் சொல்வார். மறுக்காதீர்கள், வந்திருக்கும். இந்தப் பக்கம் அடியில் கடினப் பாறை. அதன் மேல் சிதைந்த அடுக்கிலும் வெடிப்புகளிலும்தான் தண்ணீர். அந்த அடுக்கு பரவலாகக் கிடப்பதால் பல இடங்களில் கொஞ்சமாவது வரும். பத்தடி தள்ளி இன்னொரு போர் போட்டு ஒப்பிட யாரிடம் பணம் இருக்கிறது?

அதற்குத்தான் ஐந்து பிளாஸ்டிக் குடம். மண்குடம் வேண்டாம், வேர்த்துக் காட்டிக்கொடுத்துவிடும். ஒன்றில் 5 லிட்டர் தண்ணீர், மற்ற நான்கிலும் ஐந்தைந்து கிலோ உலர்ந்த மணல். எடை மாறினால் மணலில் பதியும் ஆழமே சொல்லிவிடும். தண்ணீர்க் குடத்தின் இடத்தைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். மனசுபோல வைத்தால் ஓரத்தைத் தவிர்ப்போம். வைத்தவர் கண்ணில் படாத தூரம் போய்விட வேண்டும், அவர் பார்வை எங்கே போகிறது என்பதே பாதி விடை.

முதல் சுற்று மூடியைத் திறந்தபடி. 'இன்னைக்கி நல்லா வேலை செய்யுது' என்று பெண்டுலக்காரர் வாயாலேயே சொல்லட்டும். பிறகு மூடி, பத்துச் சுற்று. குருட்டாம்போக்கில் இரண்டு சரியாக வரும். ஆறு வந்தால் சும்மா விடாதீர்கள், மறுபடி பத்து வையுங்கள். குருட்டாம்போக்கில் ஆறோ அதற்கு மேலோ வர நூற்றில் ஒரு வாய்ப்புக்கூடக் கிடையாது. ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் சிந்திய ஈரத்தைக் கிளறி மூட மறந்துவிடாதீர்கள். கூட்டத்தில் நிற்கும் சின்னப் பையன்தான் அதை முதலில் பார்ப்பான், பார்த்ததும் கத்துவான்.