ஃபால்ஸ் நைன் பார்த்த நாலு ராத்திரி

ஜூன் 9

தூக்கம் வரவில்லை. சரி என்று 2009 மே 2 கால்பந்து ஆட்டத்தை மறுபடியும் போட்டேன், ரியல் மாட்ரிட்டை அவர்கள் மைதானத்திலேயே பார்சிலோனா 6-2 என்று துவைத்தெடுத்த நாள். முன்வரிசை நடுவில் ஆடும் எட்டோவை பார்சிலோனா பயிற்சியாளர் கார்டியோலா வலது ஓரத்துக்கு அனுப்பிவிட்டு மெஸ்ஸியை நடுவுக்குக் கொண்டுவருகிறார், ஆனால் மெஸ்ஸி அங்கே நின்றால்தானே, நடுக்கள ஆட்டக்காரர் சாவி பக்கத்துக்கு இறங்கி இறங்கி வந்துவிடுகிறார். முன்னால் நிற்க வேண்டிய ஸ்ட்ரைக்கர் இப்படிக் கீழே இறங்கி ஆடுவதுதான் ஃபால்ஸ் நைன். நான் பந்தை விட்டுவிட்டு மாட்ரிட் டிஃபெண்டர்கள் மெட்செல்டரையும் கன்னவாரோவையும் மட்டும் கவனித்தேன். பாவம். மெஸ்ஸி கூடவே போனால் முதுகுக்குப் பின்னால் காலி, போகாவிட்டால் மெஸ்ஸி சாவகாசமாகத் திரும்பி பாஸ் போடுகிறார்.

ஜூன் 10

18வது நிமிடத்தை மட்டும் நாலு தடவை ஓட்டினேன். மெஸ்ஸி பந்தைத் தூக்கிப் போடுகிறார், தியரி ஹென்றி டிஃபெண்டர்களுக்குப் பின்னால் ஓடி முடித்துவிடுகிறார். இத்தனை வருடம் கீழே இறங்குகிறவரையே பார்த்திருக்கிறேன், மேலே ஓடுகிறவர் இல்லையென்றால் இந்த உத்தியில் என்ன மிச்சம்?

ஜூன் 12

காலையில் எங்கள் ஆட்டத்தில் நானே மெஸ்ஸி மாதிரி கீழே இறங்கி ஆடிப் பார்த்தேன். பந்து வந்தது, அழகாகத் திரும்பினேன், நிமிர்ந்தால் முன்னால் நம் ஆள் ஒருத்தர்கூட இல்லை, எல்லாரும் என் பக்கத்தில் நின்று பந்து கேட்கிறார்கள்! 4-0 தோல்வி. முழங்கால் வேறு வீங்கியிருக்கிறது.

ராத்திரி 2012 ஏப்ரல் 24, செல்சீயுடன் பார்சிலோனா ஆடிய சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். 37வது நிமிடத்தில் செல்சீயின் ஜான் டெரிக்கு சிவப்பு அட்டை, அப்புறம் மிச்சப் பத்துப் பேரும் தங்கள் பெனால்டி பாக்ஸ் ஓரத்திலேயே குடியிருந்தார்கள். மெஸ்ஸி இறங்கினால் யாரும் பின்னாலேயே வரவில்லை, அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஓட இடமும் இல்லை. கிராஸ் போட்டாலும் தலை கொடுக்க உயரமான ஸ்ட்ரைக்கர் கிடையாது. மெஸ்ஸி அடித்த பெனால்டியும் பாரில் பட்டது. 2-2, முதல் ஆட்டத்தில் வாங்கிய 1-0 சேர்ந்து பார்சிலோனா வெளியே.

ஜூன் 13

2012 யூரோ இறுதி, ஸ்பெயின் இத்தாலியை 4-0 என்று வென்றது. ஸ்ட்ரைக்கரே இல்லாமல் ஆடுகிறார்கள், சலிப்பு என்று அந்தத் தொடர் முழுக்கத் திட்டியவர்களில் நானும் ஒருவன். முதல் கோலைப் பாருங்கள். இனியெஸ்டா பந்தை உள்ளே தள்ளுகிறார், இத்தாலி டிஃபெண்டர் கியெல்லினியைத் தாண்டிக் கோட்டு விளிம்புவரை ஓடி, பந்தைப் பின்னால் திருப்பி சில்வா தலைக்குக் கொடுப்பது யார் தெரியுமா? ஸ்பெயினின் ஃபால்ஸ் நைனாகக் கீழே இறங்கி நிற்க வேண்டிய ஃபாப்ரிகாஸ்தான்.