ஷட்டருக்குள் ஒரு நட்சத்திரம்

சூரியனைப் பார்த்துப் படம் எடுக்காதே என்று எனக்குச் சொல்லாதவர்கள் இல்லை. ஆனால் எதிர்வெயிலில் தலைமுடியின் ஓரம் மினுங்குமே, அந்த ஆசை யாரை விட்டது? பழைய ரேஞ்ச்ஃபைண்டர் வகை ஃபிலிம் கேமராவில் 36 படச் சுருள் ஒன்றை இப்படியே எடுத்து முடித்தேன். கழுவி, ஸ்கேன் செய்து வந்ததைத் திறந்தால், வெயிலை நோக்கி எடுத்த படங்கள் பலவற்றில் வலது மேல் மூலையில் வெள்ளையாக ஒரு கறை. பஞ்சைப் பிய்த்து ஒட்டிய மாதிரி.

வெயில் லென்ஸுக்குள் சிதறி விழுகிற லென்ஸ் ஃபிளேர்தான் என்று நானே தீர்ப்பு எழுதி, லென்ஸ் முனைக்கு நிழல் தரும் ஹூட் ஒன்று வாங்கி மாட்டினேன். சூரியனே படத்துக்குள் நிற்கும்போது ஹூட் எதை மறைக்கும்? கிணற்றில் குதித்துவிட்டுக் குடை பிடித்த கதைதான். அடுத்த சுருளிலும் கறை, அதே மூலையில். ஃபிளேர் என்றால் கேமராவைத் திருப்பத் திருப்ப அதுவும் இடம் மாறும். இது சொந்த வீடு போல அங்கேயே உட்கார்ந்திருந்தது.

சரி, பின் கதவுதான் கசிகிறது என்று சுற்றிலும் கறுப்பு டேப் ஒட்டினேன். மாவுக்கட்டுப் போட்ட கை மாதிரி ஆகிவிட்டது கேமரா. சூரியன் எதிரே இருக்கும்போது பின் கதவு கேமராவின் நிழலில்தானே இருக்கிறது என்று தோன்றவே இல்லை. கறையும் டேப்பை மதிக்கவில்லை.

அப்புறம்தான் டிராயரில் உறை பிரிக்காமல் கிடந்த நெகட்டிவ் நினைவுக்கு வந்தது. ஜன்னலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கறை படத்தின் எல்லைக்குள்ளேயே நிற்கிறது. ஓரத்துத் துளைகள் பக்கம் சுத்தம். கதவு கசிந்திருந்தால் வெளிச்சம் துளைகள் வரை புகுந்திருக்கும். ஆக, வில்லன் முன்பக்கம்.

குளியலறை விளக்கை அணைத்து, காலிக் கேமராவின் லென்ஸைக் கழற்றி, ஷட்டரை வைண்ட் செய்து (அடுத்த படத்துக்குத் தயாராக இழுத்துவைத்து), முன்னாலிருந்து போன் டார்ச்சை அடித்தேன். பின் கதவு வழியாகப் பார்க்க அக்கா மகனை நிறுத்தியிருந்தேன்.

“மாமா, கீழே இடது பக்கம் ஒரு நட்சத்திரம் தெரியுது!”

ஃபிலிமை மறைத்து நிற்கும் ஷட்டரின் துணித் திரையில் ஊசிமுனை அளவு ஓட்டை. லென்ஸ் வழியே பிம்பம் தலைகீழாக விழுவதால் அங்கே கீழ் இடது, படத்தில் மேல் வலது. கேமராவை லென்ஸ் மூடி போடாமல் வெயிலில் வைத்திருக்கிறேன்; பூதக்கண்ணாடியில் காகிதம் எரிப்பது போல லென்ஸ் திரையைப் பொசுக்கிவிட்டது. எஸ்.எல்.ஆர். வகைக் கேமரா என்றால் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவில் முகம் பார்க்கும் கண்ணாடி போல ஒன்று மறைத்திருக்கும். இதில் மூடி ஒன்றுதான் காவல்.

எனக்கோ ஒரு படம் எடுத்ததும் உடனே வைண்ட் செய்துவைக்கும் பழக்கம். அடுத்த கிளிக் வரை அந்த ஓட்டை ஃபிலிமுக்கு நேரே திறந்தே இருக்கும். நல்ல தருணத்துக்காக நான் எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்தேனோ, அவ்வளவு பெரிய கறை. அவசரத்தில் அடித்த படங்கள் எல்லாம் பளிச்.

துணிக்கான கறுப்புப் பெயின்டைப் பல்குச்சி முனையில் தொட்டு, மெல்லிசாக ஒரு பொட்டு வைத்தேன். கனமாக வைத்தால் திரை சுருளும்போது இடிக்கும். காய்ந்ததும் டார்ச் அடித்தோம், நட்சத்திரம் அஸ்தமனம்.

அதன்பிறகு மூடி விஷயத்தில் நான் மகா கறார். இந்தக் கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் தனி, லென்ஸ் தனி. மூடி போட்டிருந்தாலும் காட்சி அழகாகவே தெரியும். புதுச் சுருள் நேற்று வந்தது. கறை ஒன்றுகூட இல்லை. 36-இல் 14-இல் படமும் இல்லை.