ருபெல்லா எந்த ஊரிலிருந்து வந்தது?

குழந்தைக்குக் காய்ச்சலும் தடிப்பும் வந்தால் ரத்தத்தில் ஐஜிஎம் (அண்மைத் தொற்றைக் காட்டும் எதிர்ப்புப் பொருள்) பார்ப்பதோடு பல இடங்களில் நிறுத்திவிடுகிறார்கள். வந்தது ருபெல்லாவா (காய்ச்சலும் தடிப்பும் தரும் வைரஸ் நோய்) என்பது அதில் தெரியும். எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. நீலகிரியில் இரண்டாவது கேள்வியை விடவே கூடாது. சீசனுக்கு நாடெங்கிலுமிருந்து ஆட்கள் ஊட்டிக்கு வருகிறார்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு ஜார்க்கண்டிலிருந்து குடும்பங்கள் வருகின்றன.

எங்கிருந்து வந்தது என்று அறியத் தொண்டைச் சளி வேண்டும். தடிப்பு தோன்றிய 3 நாளுக்குள் எடுப்பது நல்லது. ஒரு வாரம் தாண்டினால் வைரஸ் கிடைப்பது அரிது. செயற்கை இழைக் குச்சியால் டான்சில் பகுதியிலும் பின்தொண்டையிலும் நன்றாகத் தேய்த்து, 2–3 மி.லி. வி.டி.எம். (வைரஸைக் கெடாமல் கொண்டுசெல்லும்) திரவத்தில் முக்குங்கள். மரக்குச்சிப் பஞ்சு வேண்டாம், வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனையைக் கெடுக்கும். 2–8 டிகிரியில், 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். ஊட்டிக் குளிரை நம்பி ஐஸ் பேக்கைக் குறைக்காதீர்கள். வண்டி மேட்டுப்பாளையம் இறங்கியதும் வெயில்தான். ரத்தமும் எடுங்கள். முதல் சில நாட்களில் ஐஜிஎம் நெகட்டிவ் வந்தால் தடிப்பு தோன்றி 5 நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ. ஏறக்குறைய 9,760 எழுத்து நீளம். அதில் ஈ1 மரபணுவின் 739 எழுத்துகளைப் படித்து வகை சொல்கிறார்கள். 2 கிளைகள், 13 வகைகள். அண்மை ஆண்டுகளில் உலகில் சுற்றுபவை பெரும்பாலும் 1ஈ, 2பி. இந்தியாவில் அதிகம் 2பி. ஆகவே ‘2பி’ என்ற முடிவை மட்டும் வைத்து ஊரைச் சொல்ல முடியாது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட வேண்டும். அந்த 739-இல் ஆண்டுக்குச் சுமார் ஒரு எழுத்துதான் மாறும். கோத்தகிரிக் குழந்தைக்கும் குன்னூர்க் குழந்தைக்கும் ஒரே எழுத்து வரிசை வந்தால் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றியது என்று எழுதிவிடாதீர்கள். பத்து எழுத்து வேறுபட்டால் அவை வெவ்வேறு தொற்றுச் சங்கிலி என்று தைரியமாகச் சொல்லலாம். இடைப்பட்டதை விசாரணைதான் தீர்க்கும்: தடிப்புக்கு 12–23 நாள் முன்பு குழந்தை எங்கே போனது, வீட்டுக்கு யார் வந்தார்கள்?

எம்.ஆர். (தட்டம்மை–ருபெல்லா) தடுப்பூசி போட்ட இரண்டு வாரத்துக்குள் தடிப்பு வந்தாலும் வரிசை பார்ப்பது அவசியம், ஊசியாலும் ஐஜிஎம் பாசிட்டிவ் ஆகும். தடுப்பூசி வைரஸான ஆர்.ஏ. 27/3, 1ஏ வகை. வரிசையில் உடனே பிரிந்து தெரியும். எந்த வகை வந்தாலும் ஊசி காக்கும், ஏனென்றால் ருபெல்லாவில் சீரோடைப் (எதிர்ப்புச் சக்தி அடையாளம் காணும் வகை) ஒன்றே.

கருவிலேயே தொற்றிய பிறவி ருபெல்லாக் குழந்தையின் தொண்டையில் ஒரு வருடம்வரைகூட வைரஸ் இருக்கலாம். அது தாய்க்குக் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் தொற்றியது. ஒப்பிட வேண்டியது அந்த மாதங்களில் சுற்றிய வரிசைகளோடு. பயண விவரமும் அந்தக் காலத்துக்கே கேட்க வேண்டும்.